இணையதளக் கோப்புகளை ஏற்றும் மென்பொருள்: நம்பகத்தன்மையை எதை வைத்து அளப்பது?

இணையதளக் கோப்புகளைச் சேவையகத்துக்கு அனுப்பும் மென்பொருள்களை ஒப்பிடும் பட்டியல்கள் பெரும்பாலும் வேகம், தோற்றம், விலை ஆகிய மூன்றையுமே எடைபோடுகின்றன. இவற்றுள் வேகத்தில் மென்பொருளுக்கு உள்ள பங்கு சிறியது. இணைய இணைப்பின் திறனும் சேவையகத்தின் அமைப்பும்தான் அதைப் பெருமளவு முடிவு செய்கின்றன. தோற்றம் சில நாளில் பழகிவிடும். விலையைப் பொறுத்தவரை, இந்த வகையின் மிகச் சிறந்த மென்பொருள்கள் சில இலவசமாகவே கிடைக்கின்றன. எல்லாம் ஒழுங்காக நடக்கும் வரை இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வேலை செய்யும். இணைப்பு பாதியில் அறுந்தால், சேவையகத்தின் அடையாளம் திடீரென்று மாறினால், கணினிக்குள் தீநிரல் புகுந்தால் மென்பொருள் என்ன செய்கிறது என்பதில்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. ஆகவே தேர்வும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

மென்பொருளின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அது எந்த நெறிமுறையில், அதாவது கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எந்த விதித்தொகுப்பில், பேசுகிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இத்துறையின் மூல நெறிமுறையான எஃப்டிபி, 1971 ஏப்ரலில் அபய் பூஷண் எழுதிய ஆர்எஃப்சி 114 என்ற ஆவணத்தில் (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை விவரிக்கும் எண்ணிட்ட ஆவண வரிசை) பிறந்தது. இன்றும் அடிப்படையாக இருக்கும் வடிவம் 1985-இல் ஆர்எஃப்சி 959 ஆக வெளிவந்தது. ஒருவரையொருவர் அறிந்த சில ஆய்வு நிறுவனங்கள் மட்டுமே வலையமைப்பில் இருந்த காலத்தின் படைப்பு அது. அதனால் பயனர்பெயர் ஒரு வரியாகவும் கடவுச்சொல் அடுத்த வரியாகவும் எந்த மறைப்பும் இல்லாமல் செல்கின்றன. வழியில் உள்ள வலையமைப்பைக் கண்காணிக்கக்கூடிய எவரும், அது பொது வைஃபையாக இருந்தாலும் அலுவலக வலையமைப்பாக இருந்தாலும், அந்த இரண்டு வரிகளையும் அப்படியே படித்துவிடலாம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய இரண்டு உலாவிகளும் 2021-இல் எஃப்டிபி ஆதரவை முற்றிலும் நீக்கியதற்கு இந்தப் பாதுகாப்பின்மை ஒரு முதன்மைக் காரணம்.

எஃப்டிபியின் இரண்டாவது தனித்தன்மை, கட்டளைகளுக்கு ஓர் இணைப்பையும் கோப்புகளுக்கு வேறோர் இணைப்பையும் அது பயன்படுத்துவது. கட்டளை இணைப்பு 21-ஆம் போர்ட்டில், அதாவது கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் ஒதுக்கப்படும் எண்ணிட்ட வாயிலில், திறந்தே இருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும், ஒவ்வொரு கோப்புறைப் பட்டியலுக்கும் புதிதாக ஒரு தரவு இணைப்பு எழுப்பப்படும். பழைய செயல்முனை முறையில் சேவையகம்தான் பயனரின் கணினியை நோக்கி அந்த இணைப்பைத் தொடுக்கும். ரௌட்டருக்கும் ஃபயர்வாலுக்கும் பின்னால் இருக்கும் இன்றைய கணினிகளை அது எட்டுவதில்லை. பேசிவ் எனப்படும் முறையில் சேவையகம் தன் முகவரியையும் ஒரு போர்ட்டையும் சொல்ல, பயனரின் மென்பொருள் அங்கே போய் இணைகிறது. இதற்கான 227 என்ற பதிலில் 6 எண்கள் இருக்கும்: முதல் 4 எண்கள் முகவரி, கடைசி 2 எண்கள் போர்ட். அந்த இரண்டு எண்கள் 195, 80 என்றால், 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்ட, 50,000-ஆவது போர்ட் என்று பொருள்.

மென்பொருளின் தரம் முதலில் சோதிக்கப்படுவது இங்கேதான். தவறாக அமைக்கப்பட்ட சேவையகங்கள் பல, அந்தப் பதிலில் வெளியிலிருந்து எட்ட முடியாத தங்கள் உள்வலையமைப்பின் முகவரியைச் சொல்லிவிடும். அதை அப்படியே நம்பும் மென்பொருள், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் சரியாக ஏற்கப்பட்ட பிறகும், கோப்புறைப் பட்டியலைப் பெற முடியாமல் நின்றுவிடும். ஃபைல்ஜில்லா என்ற மென்பொருள் அந்த முகவரி எட்டாதது என்று கண்டுகொண்டு, ஏற்கெனவே இணைந்திருக்கும் சேவையகத்தின் முகவரியையே பயன்படுத்திக்கொள்வதோடு, தான் அப்படிச் செய்ததைச் செய்திப் பலகத்தில் ஒரு வரியாகவும் எழுதிவைக்கிறது. அந்த வரிதான் முக்கியம். சேவையகத்தோடு நடந்த உரையாடலை முழுமையாகக் காட்டாமல் ‘இணைக்க முடியவில்லை’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடும் மென்பொருளை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். 530 என்றால் பயனர்பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை, 425 என்றால் தரவு இணைப்பைத் திறக்க முடியவில்லை, 550 என்றால் கோப்பு இல்லை அல்லது அனுமதி இல்லை. இந்த எண் கண்ணில் பட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

பாதுகாப்புக்காகப் பின்னர் வந்த வழிகள் இரண்டு. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் பலரும் குழப்பிக்கொள்ளும் இவை உண்மையில் வெவ்வேறு பரம்பரையைச் சேர்ந்தவை. எஃப்டிபிஎஸ் என்பது பழைய எஃப்டிபியின் மேல் டிஎல்எஸ் என்ற குறியாக்கத்தை, அதாவது இடையில் உள்ளவர் படிக்க முடியாதபடி தரவை மறைக்கும் முறையை, போர்த்தியது. அதன் இன்றைய வடிவம் 2005-இல் ஆர்எஃப்சி 4217 ஆக வரையறுக்கப்பட்டது. இரண்டு இணைப்புகள் என்ற சிக்கல் அதில் அப்படியே தொடர்கிறது. போதாக்குறைக்கு, கட்டளை இணைப்பு குறியாக்கப்பட்டுவிடுவதால், எந்தப் போர்ட்டைத் திறக்க வேண்டும் என்பதை முன்பு அந்த உரையாடலைப் படித்துத் தெரிந்துகொண்ட ஃபயர்வால்கள் இப்போது குருடாகிவிடுகின்றன. எஸ்எஃப்டிபியோ எஃப்டிபியின் வழித்தோன்றலே அல்ல. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதையடுத்து 1995-இல் தாட்டு யூலோனென் உருவாக்கிய, தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக உள்நுழைவதற்கான எஸ்எஸ்எச் என்ற நெறிமுறைக்குள் இயங்கும் கோப்புச் சேவை அது. எஃப்டிபியின் 21-க்கும், தொலைவில் உள்நுழைவதற்கான பழைய நெறிமுறையான டெல்நெட்டின் 23-க்கும் இடையே காலியாக இருந்த 22-ஆம் போர்ட்டை அவர் கேட்டுப் பெற்றார். எல்லாம் அந்த ஒரே இணைப்பில், முழுவதும் குறியாக்கப்பட்டுச் செல்வதால், ஃபயர்வால் தொல்லை ஏறக்குறைய இல்லை. தளத்தைத் தன் சேவையகத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் எஸ்எஃப்டிபி தருமானால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும், தராவிட்டால் எஃப்டிபிஎஸ், வெறும் எஃப்டிபி மட்டுமே தரும் நிறுவனம் என்றால் மாற்ற வேண்டியது அந்த நிறுவனத்தை.

எஃப்டிபிஎஸ் தேர்ந்தால் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சில சேவையகங்கள், கட்டளை இணைப்பில் நிறுவிய டிஎல்எஸ் அமர்வையே தரவு இணைப்பிலும் மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தும். இடையில் வேறொருவர் தரவு இணைப்பைக் கைப்பற்றுவதைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது. இதை ஆதரிக்காத பழைய மென்பொருள்கள் அங்கே தோற்றுவிடும். அப்போது சேவையகத்தில் அந்த நிபந்தனையைத் தளர்த்துமாறு கேட்பது எளிதாகத் தோன்றினாலும், சரியான வழி மென்பொருளை மாற்றுவதுதான்.

குறியாக்கம் இருந்தும், யாரோடு பேசுகிறோம் என்பது உறுதியாகாவிட்டால் அதனால் பெரிய பயன் இல்லை. எஸ்எஃப்டிபியில் முதல்முறை இணையும்போது சேவையகத்தின் அடையாளமாக விளங்கும் குறியாக்கச் சாவிக்குரிய விரல்ரேகையை, அதாவது அந்தச் சாவியின் சுருக்க வடிவத்தைக் காட்டி, இதை ஏற்கிறீர்களா என்று மென்பொருள் கேட்கும். நீண்ட எழுத்துச் சரமாக வரும் அதைப் படிக்காமலேயே ‘சரி’ என்று அழுத்துவது பரவலான வழக்கம். ஹோஸ்டிங் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகத்திலோ உதவிப் பக்கத்திலோ வெளியிடப்பட்டிருக்கும் விரல்ரேகையோடு அதை ஒருமுறை ஒப்பிடுவதற்கு ஒரு நிமிடம் போதும். பின்னொரு நாள் அந்தச் சாவி மாறியிருந்தால் நல்ல மென்பொருள் உரக்க எச்சரித்து, இணைப்பை நிறுத்தி வைத்து, பயனரின் முடிவுக்காகக் காத்திருக்கும். மாறிய சாவியை ஓசையின்றி ஏற்றுக்கொள்ளும் மென்பொருளில் குறியாக்கம் வெறும் அலங்காரமே.

அடுத்தது, கடவுச்சொல்லை எங்கே வைக்கிறது என்ற கேள்வி. இதன் பின்னணியில் கசப்பான வரலாறு இருக்கிறது. 2009-இல் பரவிய கம்ப்ளார் என்ற தீநிரல், இணையதளம் நடத்துபவர்களின் கணினிகளில் புகுந்து அவர்களுடைய எஃப்டிபி கடவுச்சொற்களைத் திருடி, அவற்றைக் கொண்டே அவர்களுடைய தளங்களின் பக்கங்களில் தீய நிரலைச் செருகியது. அந்தப் பக்கங்களைப் பார்க்க வந்தவர்களின் கணினிகளும் தொற்றுக்கு ஆளாயின. ஃபைல்ஜில்லா நெடுங்காலம் கடவுச்சொற்களைக் குறியாக்கம் இல்லாமல் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி வைத்திருந்தது. பயனரின் கணக்கில் உள்ள கோப்புகளைப் பாதுகாப்பது இயங்குதளத்தின் கடமை, தீநிரல் புகுந்துவிட்ட கணினியில் எந்தக் குறியாக்கமும் காப்பாற்றாது என்பது அதை உருவாக்கிய டிம் கோசேயின் வாதம். தர்க்கத்தில் அது பிழையில்லை. விசை அழுத்தங்களையே பதிவு செய்யும் தீநிரலின் முன் எதுவும் நிற்காதுதான். ஆனால் குறிப்பிட்ட ஒரு கோப்பை மட்டும் தேடியெடுத்து அனுப்பிவிட்டுப் போகும் எளிய தீநிரல்களே அதிகம் என்பதை அந்த வாதம் கணக்கில் கொள்ளவில்லை. கடைசியில் 2017-இல், சேமித்த கடவுச்சொற்களை எல்லாம் ஒரே கடவுச்சொல்லால் பூட்டும் முதன்மைக் கடவுச்சொல் வசதி அதில் சேர்க்கப்பட்டது. இன்றும் அதைப் பயனரே முன்வந்து இயக்க வேண்டும் என்பதால், நிறுவியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுவே. விண்டோஸுக்கான வின்எஸ்சிபி என்ற மென்பொருளிலும் இதே வசதி உண்டு. சைபர்டக் என்ற மென்பொருள் மேக் கணினிகளில் இயங்குதளத்தின் கீசெயின் பெட்டகத்தையே பயன்படுத்துகிறது. இவை எல்லாவற்றையும்விட, கடவுச்சொல்லே இல்லாமல் எஸ்எஸ்எச் சாவியால் உள்நுழைந்து, அந்தச் சாவிக்கும் ஒரு மறைச்சொல் வைத்துக்கொள்வது மேலானது.

மென்பொருளை எங்கிருந்து இறக்குகிறோம் என்பதை இதே மூச்சில் சொல்லியாக வேண்டும். 2014 ஜனவரியில், தோற்றத்திலும் செயல்பாட்டிலும் அசலைப் போலவே இருந்த போலி ஃபைல்ஜில்லா நிறுவிகள் வேறு தளங்களில் பரப்பப்பட்டது தெரியவந்தது. அவை கோப்புகளைச் சரியாகவே ஏற்றின, கூடவே பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் வேறொரு சேவையகத்துக்கு அனுப்பின. வேலை ஒழுங்காக நடக்கிறது என்பது நம்பிக்கைக்கு ஆதாரமாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. உருவாக்கியவரின் தளத்திலிருந்தோ, லினக்ஸில் இயங்குதளத்தின் தொகுப்புக் களஞ்சியத்திலிருந்தோ மட்டும் பெற்று, வெளியிடப்பட்டிருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எண்ணோடு, ஒப்பிடுவது நல்லது. அசல் தளத்தில் கிடைக்கும் நிறுவியிலும் சில சமயம் வேறு மென்பொருள்களை நிறுவச் சொல்லும் சலுகைத் திரைகள் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. ஒவ்வொரு திரையையும் படித்துவிட்டுத்தான் ‘அடுத்து’ என்பதை அழுத்த வேண்டும்.

இனி, ஏற்றும் வேலையின் நடுவே இணைப்பு அறுந்தால் என்ன ஆகிறது என்பதைப் பார்ப்போம். இக்கட்டுரையின் மையமும் இதுதான். எஃப்டிபியின் வழக்கமான பரிமாற்ற முறையில், கோப்பு முடிந்துவிட்டது என்பதைத் தெரிவிக்கத் தனியான குறி எதுவும் இல்லை. தரவு இணைப்பு மூடப்படுவதே முடிவின் அறிகுறி. அதாவது, கோப்பு முழுமையாகப் போய்ச் சேர்ந்த பின் மூடப்பட்ட இணைப்பும், பாதியிலேயே மூடப்பட்டுவிட்ட இணைப்பும் சேவையகத்துக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும். அரைகுறையாக நின்ற கோப்பு முழுக் கோப்பின் பெயரிலேயே அங்கே கிடக்கும். அது ஒரு படமாக இருந்தால் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகத் தெரியும். பிஎச்பி நிரலாக இருந்தால், அடைக்கப்படாத ஓர் அடைப்புக்குறியால் தளமே வெற்றுப் பக்கமாகிவிடும். எஸ்எஃப்டிபியில் ஒவ்வொரு துண்டும் கோப்பின் எந்த இடத்தில் எழுதப்பட வேண்டும் என்ற குறிப்போடு சென்று, எழுதப்பட்டது என்ற ஒப்புதலையும் பெறுகிறது. கோப்பை மூடுவதற்கும் தனிக் கட்டளை உண்டு. அதனால் அறுந்தது எது, முடிந்தது எது என்பதில் ஐயம் எழுவதில்லை.

ஆனாலும் அறுந்த அந்த நொடியில் தளத்தைப் பார்க்க வருபவருக்குக் கிடைப்பது அரைக் கோப்புதானே என்ற கேள்வி எஞ்சுகிறது. வின்எஸ்சிபி இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. எஸ்எஃப்டிபி வழியாக 100 கிலோபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்றும்போது, இயல்பான அமைப்பில் அது பெயரின் இறுதியில் ‘ஃபைல்பார்ட்’ என்ற பின்னொட்டைச் சேர்த்துத் தற்காலிகக் கோப்பாகவே எழுதுகிறது. முழுவதும் போய்ச் சேர்ந்த பிறகுதான் உண்மையான பெயரை அதற்கு இடுகிறது. அதுவரை பழைய கோப்பு பழுதின்றித் தளத்தில் இருக்கும். இந்த வரம்பை நீக்கி எல்லாக் கோப்புகளுக்கும் இதையே விதியாக்கவும் அமைப்புகளில் இடமுண்டு. ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் நிரல்களைப் புதுப்பிப்பவர்கள் அதை மாற்றிவிடுவது நல்லது, ஏனெனில் நிரல் கோப்புகள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடுபவை.

விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியை எல்லா மென்பொருளும் பெருமையாக விளம்பரப்படுத்துகின்றன. அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. சேவையகத்தில் 40 கிலோபைட் இருக்கிறது, கணினியில் 60 கிலோபைட் இருக்கிறது என்றால், மீதி 20-ஐ மட்டும் ஒட்டிவிடுவதே தொடர்தல். இடைப்பட்ட நேரத்தில் அந்தக் கோப்பைத் திருத்திச் சேமித்திருந்தால், பழைய பதிப்பின் தலையும் புதிய பதிப்பின் வாலும் சேர்ந்த ஒன்று உருவாகிவிடும். அளவு மட்டும் சரியாகவே இருக்கும். ஒளிப்படம், காணொளி, காப்புப் பிரதி போன்ற பெரிய கோப்புகளுக்கு மட்டும் தொடர்தலைப் பயன்படுத்தி, நிரல்களையும் பக்கங்களையும் எப்போதும் முதலிலிருந்தே மேலெழுதச் சொல்வது பாதுகாப்பானது.

எழுத்து முறை, இரும முறை என்ற பழைய பிரிவினையும் சத்தமில்லாமல் கோப்பைக் கெடுக்கக்கூடியது. விண்டோஸிலும் லினக்ஸிலும் வரியின் முடிவைக் குறிக்கும் குறிகள் வேறு என்பதால், எழுத்து முறையில் எஃப்டிபி அவற்றை வழியிலேயே மாற்றிவிடும். படத்தையோ சுருக்கப்பட்ட கோப்பையோ அப்படி அனுப்பினால் அது உடைந்துவிடும். மென்பொருளே கோப்பின் வகையைப் பார்த்துத் தீர்மானிக்கும் ‘தானியங்கி’ என்ற அமைப்பை மாற்றி, எதையும் மாற்றாமல் அப்படியே அனுப்பும் இரும முறையே எப்போதும் என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது.

இரு பக்கக் கோப்புறைகளையும் ஒப்பிட்டு மாறியவற்றை மட்டும் ஏற்றும் ஒத்திசைவு வசதி, தளம் வளர வளர இன்றியமையாததாகிறது. கோப்புறைப் பட்டியலின் வடிவத்தை ஆர்எஃப்சி 959 வரையறுக்காததால், ஒவ்வொரு சேவையகமும் தன் விருப்பப்படி நேரத்தைக் காட்டியது. 2007-இல் வந்த ஆர்எஃப்சி 3659 தான் உலகப் பொது நேரத்தில், ஒரே வடிவில் பட்டியல் தரும் கட்டளையைக் கொண்டுவந்தது. பழைய சேவையகங்களில் நேர மண்டல வேறுபாட்டால், மாறாத கோப்பு மாறியதாகவும், மாறியது மாறாததாகவும் தோன்றலாம். ஆகவே ஒத்திசைவுக்கு முன் என்னென்ன ஏற்றப்படும், என்னென்ன அழிக்கப்படும் என்ற பட்டியலைக் காட்டி ஒப்புதல் பெறும் மென்பொருளே வேண்டும். குறிப்பாக, கணினியில் இல்லாத கோப்புகளைச் சேவையகத்திலும் அழிக்கச் சொல்லும் தெரிவு, பார்வையாளர்கள் ஏற்றிய படங்களை எல்லாம் ஒரே சொடுக்கில் இல்லாமலாக்கிவிடும். பெயரின் தொடக்கத்தில் புள்ளி உள்ள மறைகோப்புகளைக் காட்டும் அமைப்பும், கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755 என (உரிமையாளர் மட்டும் மாற்றலாம், மற்றவர்கள் படிக்க மட்டும் செய்யலாம் என்று பொருள்படும்) அனுமதிகளை இடும் வசதியும் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை ஏற்றுவதில் மட்டும் வேகத்துக்கும் மென்பொருளுக்கும் உண்மையான தொடர்பு இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் புதிய தரவு இணைப்பு என்பதால் எஃப்டிபியில் அனுப்பும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே அதிகமாகிறது. ஃபைல்ஜில்லாவில் ஒரே சமயத்தில் 10 பரிமாற்றங்கள் வரை வைக்கலாம். ஆனால் சேவையகத்தின் வரம்பை மீறினால் 421 என்ற பிழையோடு சில கோப்புகள் விடுபடும். அவற்றைத் ‘தோல்வியுற்றவை’ என்ற தனிப் பட்டியலில் சேர்த்து, மொத்தமாக மீண்டும் வரிசையில் இட அனுமதிப்பது அந்த மென்பொருளின் சிறந்த பண்புகளில் ஒன்று. கட்டளை வரியில் பழகியவர்கள், 1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் வெளியிட்ட ஆர்சிங்க்கை எடுத்துக்கொள்ளலாம். கோப்பின் மாறிய பகுதியை மட்டுமே அது அனுப்புகிறது, சேவையகத்திலும் அது நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கடைசியாக, மென்பொருள் தொடர்ந்து பராமரிக்கப்படுகிறதா என்பது. 2024 ஏப்ரலில் புட்டி என்ற எஸ்எஸ்எச் மென்பொருளில், குறிப்பிட்ட ஒரு வகைச் சாவியால் இடப்பட்ட ஏறத்தாழ 60 கையொப்பங்களைச் சேகரித்தால் அந்தச் சாவியையே கணக்கிட்டு எடுத்துவிடலாம் என்ற குறை கண்டறியப்பட்டது. ஃபைல்ஜில்லாவும் வின்எஸ்சிபியும் புட்டியின் நிரலைத் தங்களுக்குள் கொண்டவை என்பதால் அவையும் பாதிக்கப்பட்டன. இரண்டும் விரைவில் திருத்திய பதிப்பை வெளியிட்டன. கைவிடப்பட்ட ஒரு மென்பொருளில் இதே குறை திருத்தப்படாமல் நிலைத்திருக்கும். எனவே பதிப்பு வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, கடைசி வெளியீடு எப்போது என்று பார்ப்பது எந்த விமர்சனத்தையும்விட அதிகம் சொல்லும்.

விண்டோஸில் மட்டும் வேலை செய்பவருக்கு நான் வின்எஸ்சிபியையே முதலில் சொல்வேன்; தற்காலிகப் பெயர் ஏற்பாடும், ஒத்திசைவுக்கு முந்தைய பட்டியலும் அதற்குப் போதுமான காரணங்கள். லினக்ஸுக்கும், பல இயங்குதளங்களில் மாறி மாறி வேலை செய்பவருக்கும் ஃபைல்ஜில்லா, மேக்கில் சைபர்டக். எதை எடுத்தாலும், உண்மையான தளத்தில் கைவைக்கும் முன் ஒரு சோதனைக் கோப்புறையில் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றத் தொடங்கி, பாதியில் இணையத்தைத் துண்டித்துப் பார்க்கலாம். மென்பொருள் எத்தனை நொடியில் அதை உணர்கிறது, வெற்றி என்று காட்டுகிறதா தோல்வி என்று காட்டுகிறதா, சேவையகத்தில் எந்தப் பெயரில் எந்த அளவில் என்ன கிடக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொண்டு, மீண்டும் இணைந்து ஏற்றுதலை முடித்தபின், அந்தக் கோப்பை வேறு பெயரில் திரும்ப இறக்கி, மூலக் கோப்போடு அதன் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட வேண்டும்.